லாரன்ஸ் வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இல்லை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணப்பா போன் செய்தார். நம்மோடு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர், வீட்டில் கன்னடம், நம்மிடம் பாதித் தமிழ். "குமரேசா, நம்ம லாரன்ஸ் ஹோக்பிட்ரு. போயிட்டாருப்பா. மத்தியானம், ஆஸ்பத்திரிலயே. நாளைக்குக் காலைல எடுக்கறாங்களாம்," என்றார். அடக் கடவுளே என்றேன். சொல்லிக்கொண்டே என் கண் சமையலறை டிராயர் பக்கம் போனது. இத்தனை வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த மனிதர் போய்விட்டார் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம் இல்லை. அந்த டிராயரில் கரண்டிகளுக்கு நடுவே கிடந்த அவருடைய ஸ்க்ரூ டிரைவர். இதை எழுதவே கூசுகிறது. இதை விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

நம் ஓய்வு பெற்றோர் மலருக்கு லாரன்ஸைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "அவரோட பட்டறையப் பத்தி எழுதுங்க சார். வீட்ல ஒண்ணு வெச்சுக்கணும்னு நெனக்கறவங்களுக்கு உபயோகமா இருக்கும்," என்றார் செயலாளர். ஒப்புக்கொண்டேன். உபயோகமானதையும் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லாரன்ஸ் எங்கள் இன்சூரன்ஸ் ஆபீசில் பாலிசி செக்‌ஷனில் இருந்தார். ஜீவனஹள்ளியில் சின்னதாகச் சொந்த வீடு. வாசல் கதவைத் திறந்தால் குறுகலான ஒரு நடை, அதிலிருந்து திரும்பினால் ஹால், பின்னால் துணி துவைக்கிற இடம். வாஷிங் மிஷின் வந்த பிறகு அந்தத் துவைக்கிற இடத்துக்கு மேலே தகரம் போட்டுப் பட்டறையாக்கிக்கொண்டார். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நின்றுதான் பேச வேண்டும். அவர் பெரிய கைவேலைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் செய்த ஸ்டூல் எதுவும் ஆடாமல் நின்றதில்லை. என் மகளுக்குச் செய்து கொடுத்த அலமாரியில் புத்தகமெல்லாம் ஒரு பக்கமாகவே சரியும். அவர் மனைவி ரோஸி எங்கள் முன்னாலேயே சொல்வார்: "இவருக்கு டூல்ஸ வெச்சுக்கத்தான் தெரியும், அத வெச்சு ஒண்ணும் செய்யத் தெரியாது." லாரன்ஸ் சிரிப்பார். அது நிஜம் என்று அவருக்கும் தெரியும்.

ஆனால் வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்கும் பட்டறை ஆசை வந்தது. ஆன்லைனில் ஒரு பெட்டியைப் பார்த்து வைத்திருந்தேன். சுத்தியலில் தொடங்கி சுண்டுவிரல் அளவு ஸ்பேனர் வரை எல்லாம் அதில் வரிசையாகப் படுத்திருக்கும். போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வாங்கு, அழகா இருக்கு. பீரோ மேல வெச்சு வீட்டுக்கு வர்றவங்களுக்குக் காட்டு," என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் அவரே தோளில் கை போட்டுச் சொன்னார்: "மொதல்ல ஆடாத மேஜை ஒண்ணு போடு. நீ நின்னா மணிக்கட்டு எங்க வருதோ அந்த ஒயரம். அதுல ஒரு வைஸ் மாட்டு. ரெண்டு கையும் வேலை செய்யணும்னா பிடிச்சுக்க மூணாவது கை வேணும்ல, அதான் வைஸ். மிச்சத்த வேலை வர்றப்ப ஒண்ணொண்ணா வாங்கு. என்ன வேணும்னு வேலையே கேக்கும்." சொன்னபடியே மேஜை போட்டேன், வைஸ் மாட்டினேன். அதற்கு மேல் நான் எதையும் வாங்கவில்லை. எனக்கு என்ன வேண்டுமானாலும் அது லாரன்ஸிடம் இருந்தது.

இன்னொரு நாள் நினைவுக்கு வருகிறது. ரோஸிக்கு ஹாலில் காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடித்தார். அடித்தது ஒரு நொடி. அதற்கப்புறம் சுத்தியலை எண்ணெய்த் துணியால் துடைத்தார், ஸ்டூலைத் தட்டி வைத்தார், உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டி அள்ளினார், துணியைச் சுருட்டாமல் கொடியில் விரித்துக் காயப்போட்டார். நான் டீ குடித்து முடித்தும் அவர் முடிக்கவில்லை. "ஒரு காலண்டருக்கு இவ்வளவு கூத்தா?" என்றேன். "ஆணி ரோஸிக்கு அடிச்சது. துடைக்கிறது நாளைக்கு இத வாங்கிட்டுப் போக வர்றவனுக்கு," என்றார். கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கேலி பண்ணவில்லை.

பெங்களூர் மழைக்கு இரும்பு எப்படித் துரு ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். லாரன்ஸின் டிராயர்களில் கற்பூரமும் சாக்பீஸும் கிடக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ள. கல்லறைத் திருநாளில் மிச்சமான மெழுகுவர்த்தியை ரம்பத்தின் பக்கங்களில் தேய்ப்பார், மரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். உளியை எடுக்கும்போது தீட்டாதே, வைக்கும்போது தீட்டு என்பார். எடுக்கும்போது அவசரத்தில் இருப்போம், தீட்ட மாட்டோம். மெயின் சுவிட்ச் எதிலும் முட்டாமல் கை எட்டுகிற இடத்தில் இருந்தது. மருந்து டப்பாவுக்குத் திருகுமூடி வைக்கவில்லை. "அடிபடறது ஒரு கைல. மிச்சம் இருக்கற ஒரு கையால தெறக்கற மாதிரி இருக்கணும்," என்பார். செயலாளர் கேட்ட உபயோகமான விஷயங்கள் இவைதான். வெட்டி எடுத்து ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுவரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பட்டறையின் உட்சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு சாமானையும் அதன் மேல் வைத்து, சுற்றி நீலப் பெயிண்டில் கோடு இழுத்திருந்தார். சுத்தியல் இருந்தால் சுத்தியல், இல்லாவிட்டால் சுத்தியலின் உருவம். எது வெளியே போயிருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். யார் எடுத்துப்போனார்கள் என்று மட்டும் அவர் எங்கும் குறித்ததில்லை. அது அநாகரிகம் என்று நினைத்தார்.

அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜை அன்று, வெளியே போன சாமான் எல்லாம் வீடு திரும்ப வேண்டும். லாரன்ஸ் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். இவர் வீட்டில் என்ன ஆயுத பூஜை என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். "எனக்குதான் ஞானஸ்நானம் குடுத்தாங்க. ஸ்க்ரூ டிரைவருக்கு யாரும் குடுக்கலியே," என்பார். தெருக்காரர்கள், ஆபீஸ்காரர்கள் எல்லாம் காலையிலேயே பைகளோடு வந்துவிடுவோம். கிருஷ்ணப்பா சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். ரோஸி பொரியும் கடலையும் வாழைப்பழமும் தருவார், அப்புறம் டீ, அப்புறம் எங்கள் ஆபீஸ் வம்பு. மத்தியானம் கிளம்பும்போது, வேண்டியதை மறுபடியும் எடுத்துக்கொண்டு போகலாம். பாதிப் பேர் கொண்டுவந்ததையே திரும்ப எடுத்துப்போவோம். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. அன்று ஒரு நாள் சுவர் நிறைந்திருந்தால் போதும்.

நான் கடைசியாக எடுத்துப்போனது சிவப்புக் கைப்பிடி போட்ட பெரிய ஸ்க்ரூ டிரைவர். ஜன்னல் கொக்கி தளர்ந்திருந்தது. முடுக்கிவிட்டு அடுத்த நாளே கொடுத்திருக்கலாம். அந்த வாரம் வீட்டில் பெயிண்ட் அடித்தோம், டப்பா மூடியை அதனாலேயே நெம்பினேன், நுனி ஓரமாகச் சின்னதாக உடைந்துவிட்டது. "பெயிண்ட் டப்பாக்கு பழைய ஸ்பூன்" என்று அவர் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நுனியை ராவிச் சரிபண்ணிக் கொடுத்துவிடலாம் என்று டிராயரில் போட்டேன். அவ்வளவுதான். அதற்குள் லாரன்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. போக வேண்டும் என்று நினைக்காத வாரம் இல்லை. நினைத்தவுடன் ஸ்க்ரூ டிரைவர் குறுக்கே வரும். வெறுங்கையோடு போனால் இன்னும் கொடுக்கவில்லை என்று ஆகும். கொண்டுபோனால் உடைத்தது தெரியும். ராவிவிட்டுப் போகலாம் என்றால் ராவுவதற்கு அரம் வேண்டும், அரமும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. சிரிக்கிறீர்கள். நானும் மற்றவர் விஷயமாக இருந்தால் சிரிப்பேன். ஒரு உடைந்த இரும்புத் துண்டு, படுத்துக் கிடந்த நண்பனிடம் என்னைப் போகவிடாமல் நிறுத்தியது. போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. உடம்பு சரியில்லாத வீட்டில் ஏன் தொந்தரவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பிரேசர் டவுனில் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்தேன்.

சனிக்கிழமை காலை துக்க வீட்டுக்குப் போனேன். நம் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். லாரன்ஸை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். சவப்பெட்டி வந்தது. வாசலில் நுழைந்த பெட்டி நடையில் மாட்டிக்கொண்டது. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு, அது அடைத்துக்கொண்ட இடத்தில் பெட்டியை ஹாலுக்குத் திருப்ப முடியவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். பெட்டிக்காரர் சொன்னார்: "கதவக் கழட்டினாதான் திரும்பும். கீல்ல இருக்கற ஸ்க்ரூவக் கழட்டணும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்க சாமி."

லாரன்ஸின் மகள் பிரின்சி பின்பக்கம் ஓடினாள். வெறுங்கையோடு திரும்பி வந்து, "அங்க ஒண்ணுமே இல்லம்மா," என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். என்னோடு வேறு சிலரும் எட்டிப் பார்த்தார்கள். சுவர் முழுக்க நீலக் கோடுகள்தான் இருந்தன. சுத்தியல் இல்லை, குறடு இல்லை, ரம்பம் இல்லை, ஸ்க்ரூ டிரைவர்கள் இருந்த வரிசையில் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவர் கண்ணும் ஒரு கோட்டின் மேல் போய் நின்று உடனே கீழே இறங்கியதைப் பார்த்தேன். என் கண்ணும் அப்படித்தான் இறங்கியது. ஊருக்கே சாமான் கொடுத்தவர் வீட்டில், அவரை வெளியே கொண்டுபோக ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லை. சமையலறையிலிருந்து ஒரு கத்தியைக் கொண்டுவந்து திருகிப் பார்த்தார்கள், அதன் முனை வளைந்துவிட்டது.

ஸ்கூட்டரில் போனால் என் வீடு பக்கம்தான். அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்திருக்கலாம். எல்லார் முன்னாலும், ரோஸி முன்னாலும், உடைந்த நுனியோடு அதை நீட்ட வேண்டுமே என்று நினைத்தேன். தெருமுனை இலியாஸ் பாய் ஹார்டுவேர் கடைக்கு நடந்தேன்.

"பாய், ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர். ஜல்தி."

"எதுக்கு சார்?"

"லாரன்ஸ் வீட்டுக்கு. கதவக் கழட்டணும்."

பாய் எடுக்கப் போன கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "லாரன்ஸ் சாப் வீட்டுக்கா? எங்கிட்டேர்ந்து எத்தன எடுத்துட்டுப் போயிருக்காரு. ஒண்ணு கூடவா இல்ல?"

நான் பர்ஸைத் திறந்து பணத்தை எண்ணினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கொடுத்தார்.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், "புண்ணியமா போச்சு," என்று பெட்டிக்காரர் வாங்கிக்கொண்டார். கிருஷ்ணப்பா என் தோளைத் தட்டினார். கதவு கழன்றது. அதைத் தூக்கி வெளியே காம்பவுண்டு சுவரில் சாய்த்தார்கள். லாரன்ஸைப் பெட்டியில் வைத்து எடுத்தோம். கல்லறையில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். அப்படியே அவரவர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டோம். நான் மத்தியானம் தூங்கக்கூடச் செய்தேன்.

மறுநாள் காலை எனக்கு ஒரு வேகம் வந்தது. என்ன ஆனாலும் சரி, கொடுத்துவிட வேண்டும் என்று சிவப்புக் கைப்பிடியைப் பையில் போட்டுக்கொண்டு ஜீவனஹள்ளிக்குப் போனேன். தெருவில் திரும்பும்போதே தெரிந்தது. கதவு நாங்கள் சாய்த்த இடத்திலேயே சாய்ந்திருந்தது. வாசலில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். கழற்றினோம், எடுத்தோம், போய்விட்டோம். திரும்ப மாட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரோஸி நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டார். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "வாங்கண்ணா. யாராவது வந்து மாட்டுவாங்கன்னு பாத்தோம். இருட்டினப்புறம் இதக் கட்டிட்டு நடையிலயே ஒக்காந்துட்டோம், நானும் இவளும்."

"நாங்களே மாட்டியிருப்போம் அங்கிள்," என்றாள் பிரின்சி. "டூல்ஸ் இல்ல. நீங்க வாங்கிட்டு வந்த புதுசு இருக்கும்னு தேடினேன். அதயும் யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ரோஸி அதைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஸ்க்ரூக்களைப் பெட்டிக்காரர் ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கூலிக்கு வந்தவருக்கு இருந்த யோசனை அது.

கதவுக்கு அடியில் மரத்துண்டு கொடுத்து பிரின்சி பிடித்துக்கொண்டாள், நான் திருகினேன். உடைந்த நுனி ஸ்க்ரூவின் தலையில் நிற்காமல் வழுக்கியது, இரண்டு தடவை என் கையைக் கீறியது. மேல் கீலில் ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ சும்மா சுற்றியது. ஓட்டைக்குள் தீக்குச்சிகளைச் செருகிவிட்டு முடுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்று லாரன்ஸ் ஒரு தடவை சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன், பிடித்துக்கொண்டது.

கதவைப் பிடித்தபடியே பிரின்சி பேசிக்கொண்டிருந்தாள். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. அப்பாவைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்திருக்கும். "போன ஆயுத பூஜை அன்னிக்கு டாடிய குளிப்பாட்டி, வெள்ள சட்டை போட்டு, பட்டறைல சேர்ல ஒக்கார வெச்சோம் அங்கிள். அவர்தான் கேட்டாரு. மம்மி பொரியெல்லாம் வாங்கி வெச்சிருந்தாங்க. மத்தியானம் வரைக்கும் ஒக்காந்திருந்தாரு. நான் வேணா எல்லாருக்கும் போன் பண்ணவான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு. 'லீவு சேந்தாப்ல வந்திருக்கு, எல்லாரும் ஊருக்குப் போயிருப்பாங்க'ன்னாரு."

நான் ஊருக்குப் போகவில்லை. பிரேசர் டவுனில், ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு, டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கீலைப் பார்த்தபடி, "ஆமாம்மா, லீவுதான்," என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

வேலை முடிந்தது. "தாழ்ப்பாள் சரியா விழுதான்னு பாக்கறேன், நீங்க அந்தப் பக்கம் நில்லுங்கண்ணா," என்றார் ரோஸி. வெளியே வந்து நின்றேன். கதவு மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளேயிருந்து ரோஸியின் குரல் வந்தது: "விழுதுண்ணா. நல்லா விழுது. நீங்க கெளம்புங்க, நாங்க கொஞ்சம் படுக்கறோம். ராத்திரி பூரா முழிச்சிருந்தோம்." அந்த வீட்டில் இரண்டு பேர் தூங்கப் போகிறார்கள், அந்தக் கதவை நான் எப்படித் தட்டுவேன்? கையைப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் என் கையிலேயே இருந்தது.

இப்படிப்பட்ட கட்டுரைகளில், மறைந்தவரிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சியது என்று கடைசியில் எழுத வேண்டும். அவருடைய தாராளம், அவருடைய பொறுமை என்று எழுத ஆசைதான், ஆனால் அவை என்னிடம் வரவில்லை. என்னிடம் இருப்பது நுனி உடைந்த இந்த ஸ்க்ரூ டிரைவர். வாசல் பக்கம் சாவி மாட்டுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை கிளம்பி, தெருமுனையிலிருந்து திரும்பிவிட்டேன். ரோஸி கையில் கொடுத்து, லீவுக்கு நான் எங்கும் போகவில்லை என்று பிரின்சியிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். நண்பர்களே, என்னை எங்கே பார்த்தாலும், கொடுத்துவிட்டாயா என்று கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு வாய் வராது என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அவருடையது ஒன்று இருக்கிறது.